மூன்றாம் மாடியின் சுத்தமான ஃபில்டர்

“ஃபில்டரைத் திறந்து காட்டுங்க.”

தென்றல் அடுக்குமாடியில் கேட்கக் கூடாதது என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் கேட்டேன். கேட்காதே என்று அம்மா கெஞ்சியிருந்தாள். கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கைருன்னிசா அக்கா, “என்னா வேணாலும் கேளு மாதவி, அதை மட்டும் கேட்டுறாதே” என்று என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த அறிவிப்பு அதையே மூன்று மொழிகளில் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் நான் கேட்டதற்குக் காரணம் துணிச்சல் அல்ல. அன்று காலையில் அம்மாவின் உதடு ஊதா நிறத்தில் இருந்தது.

காற்றுக் குழு சனிக்கிழமை காலைகளில் குடியிருப்பாளர்களின் குறைகளைக் கேட்கும். குறை சொல்கிறவர் யார், எந்த மாடி, வீடு யார் பேரில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் அந்தக் கூட்டத்தில் எதுவும் நடந்ததாக யாரும் சொன்னதில்லை. நான் கேட்டதும் தலைவர் அழகேசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். செயலாளர் லிங்கேஸ்வரன் மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்த விரலை அந்தரத்தில் நிறுத்தினான்.

“என்னா கேட்டீங்க, தங்கச்சி?”

“மூணாவது மாடி ஏர்கோன் ரூமைத் திறந்து உள்ள இருக்கிற ஃபில்டரைக் காட்டுங்கன்னு கேட்டேன்.”

“எதுக்கு?”

“பார்க்கறதுக்கு.”

“பார்த்துட்டு?”

“சுத்தமா இருக்கான்னு தெரிஞ்சிக்க.”

“சுத்தமா இருக்கான்னு,” என்று அழகேசன் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். “உங்கம்மா நல்லவங்களான்னு நான் நாலு பேர் முன்னால கேட்டா உங்களுக்கு எப்படிம்மா இருக்கும்?”

லிங்கேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கண் கலங்கியிருந்ததாகப் பிறகு பேசிக்கொண்டார்கள்.

எங்கள் கட்டடத்தைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அசாம் ஜாவா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது, லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு வீடு என்று கட்டிக் கொடுத்தது இது. கட்டித் தந்தவர்கள் பக்கத்து நிலத்தில் லோரிப் பட்டறை வரப்போவதை அறிந்து, ஜன்னல்களைத் திறக்கவே முடியாத கண்ணாடியாகப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக மாடிக்கு ஓர் ஏர்கோன் அறை. அந்த அறையில் இருக்கும் இயந்திரம்தான் அந்த மாடிக்கே காற்றை இழுத்து, குளிரவைத்து, கூரைக்குள் ஓடும் குழாய் வழியாக வீட்டுக்கு வீடு அனுப்புகிறது. இயந்திரத்தின் வாயில் கதவு அளவுக்கு நிற்கிறது ஃபில்டர். நாங்கள் மூச்சுவிடுவதெல்லாம் அதன் வழியாக வருகிற காற்றைத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக் கூரையில் இருக்கும் காற்றுவாய்க்கு ஒரு மூடி உண்டு. அதை மூடவும் திறக்கவும் பொத்தான் குழுவின் அலுவலகத்தில் இருக்கிறது. இதற்கு மேல் குழுவின் அதிகாரத்தை விளக்க வேண்டியதில்லை.

முதலில் இயந்திரத்தோடு சாதாரண ஃபில்டர்தான் வந்தது. மாதம் ஒருமுறை தட்டி, மூன்று மாதத்தில் தூக்கி எறிந்து வேறு போட வேண்டிய வகை. அழகேசன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “தோட்டத்து ஆளுங்கன்னா இதுவா?” என்று கேட்டார். கூடியிருந்த எல்லோருக்கும் ரோஷம் வந்தது. எனக்கும் வந்தது, பொய் சொல்லவில்லை. குழு உடனே வெளிநாட்டுக்குப் போய், கடையில் இருந்ததிலேயே பெரிய தர எண் போட்ட ஃபில்டரைத் தேர்ந்தெடுத்தது. அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குப் போடுவதாம். விற்றவன், “இதுக்கு ரொம்ப ஸ்ட்ராங்கான மெஷின் வேணும், உங்களுது தாங்குமா?” என்று கேட்டிருக்கிறான். “எங்க ஆளுங்க எல்லாருமே ஸ்ட்ராங்தான்” என்று அழகேசன் பதில் சொல்லியிருக்கிறார். இந்தப் பதிலை அவர் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் எங்களுக்குச் சொல்வார். நாங்கள் கைதட்டுவோம்.

ஃபில்டர் லோரியில் வந்தபோது உறுமி மேளம் வைத்தார்கள். சட்டத்தின் நான்கு மூலையிலும் சந்தனம் வைத்தார்கள். மாடிக்கு ஒன்றாக ஏற்றி, கதவைப் பூட்டி, சாவிகளை அழகேசன் தங்கச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழு மட்டும் உள்ளே போகும். வெளியே வந்து, “தூசி இல்லை!” என்று அறிவிக்கும். எல்லோருக்கும் கேசரி கிடைக்கும்.

தூசி இல்லை என்பதுதான் எங்கள் பெருமை. மற்ற கட்டடங்களில் ஃபில்டர் கறுத்துப்போகிறது, மாற்றுகிறார்கள், மறுபடியும் கறுக்கிறது. எங்களுடையது வந்த நாளிலிருந்து வெள்ளை. வெளியூர்ச் சங்கங்கள் பஸ் எடுத்து வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போயின. ஷா ஆலாமில் ஏதோ ஒரு விழாவில் கேடயம் கொடுத்தார்கள். பூச்சோங்கிலிருந்து வந்த ஒரு தலைவர் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நானே பார்த்தேன்.

அந்தச் சமயத்தில் அம்மா எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு நின்றாள். விருந்தினர் வரும்போது நடைவழியில் இருமல் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால், கட்டடத்தின் காற்றைப் பற்றி அவதூறு பரப்பியதாகக் கணக்கு. அம்மாவின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு, சிரித்து, லிஃப்டு ஏறிப் போகும்வரை அவள் இருமலைத் தின்றாள். பிறகு துண்டை எடுத்தபோது அதில் கறுப்பாக ஏதோ இருந்தது. “கண்மை” என்றாள். அம்மா கண்மை போட்டு நான் பார்த்ததில்லை.

அம்மா பெயர் அன்னம்மா. பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் புல் சாக மருந்தடித்தவள். நெஞ்சு அப்போதே கெட்டது. ஆனால் லயத்தில் இருந்தவரை மூச்சை இழுத்து இழுத்தாவது நடந்தாள். இங்கே வந்தபிறகு குளியலறைக்குப் போய்வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கோல சிலாங்கூர் மருத்துவமனையில் டாக்டர், “வீட்டுல காத்து எப்படிம்மா?” என்று கேட்டார். “அதெல்லாம் கேக்காதீங்க டாக்டர், எங்க வீட்டுல ஆஸ்பத்திரி காத்து” என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

எனக்குப் பயம் பிடிக்க ஆரம்பித்தது பல்லியால். ஒருநாள் அண்ணாந்து பார்த்தபோது எங்கள் கூரையில் பல்லி இல்லை என்பது உறைத்தது. பக்கத்து வீட்டில் கேட்டேன். அங்கேயும் இல்லை. எங்கள் மூன்றாம் மாடியிலேயே ஒன்றும் இல்லை. நம் ஊரில் பல்லி இல்லாத வீடு ஏது? இதைக் குழுவிடம் சொன்னபோது, லிங்கேஸ்வரன் அதை மாத அறிக்கையில் சாதனையாகச் சேர்த்துக்கொண்டான்.

பிறகு புகைமூட்டம் வந்தது. எங்கோ எரிந்து, வானம் சாம்பல் நிறமாகி, பட்டறையின் கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. வெளியே போகாதீர்கள், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று அரசாங்கம் சொன்னது. வீட்டுக்குள்ளே எனக்குத் தலை வலித்தது. காற்றுவாயின் கீற்றுகளில் விரல் வைத்தேன், மை தொட்டதுபோல் ஒட்டியது. வந்த காற்றில் மீன் குடல் நாற்றம் இருந்தது. ஏர்கோன் அறைக்குப் பக்கத்தில்தான் எங்கள் மாடியின் குப்பையைக் கீழே போடும் குப்பைக்குழி இருக்கிறது.

கைருன்னிசா அக்கா அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தார். நான் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஏர்கோன் அறைக் கதவின் கீழ் இடுக்கில் பிடித்தேன். புகை ஒரே இழுப்பில் உள்ளே போனது, யாரோ அந்தப் பக்கம் இருந்து உறிஞ்சியதுபோல. பக்கத்தில் குப்பைக்குழியின் தகர மூடியிலும் பிடித்தேன். அங்கேயிருந்தும் காற்று இடுக்குகள் வழியே அறையை நோக்கித்தான் ஓடியது. புகையின் போக்கைப் பார்த்த அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“குப்பைக் காத்தையா புள்ளே நாம இழுத்துக்கிட்டு இருக்கோம்?”

“அப்படித்தான்க்கா தெரியுது. ஃபில்டர் அழுக்கு அடைச்சு, அது வழியா காத்தே போகல. அதான் சந்து பொந்துல இருந்து இழுக்குது.”

“நீ படிச்சவ, கேளேன்... வேணாம் வேணாம், கேக்காதே. எங்க கடை லைசென்ஸுக்கு அவங்கதான் சைன் வைக்கணும்.” அக்கா அன்றைக்குத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

நான் படித்தவள். இதை இங்கே எல்லோரும் எனக்கு நினைவுபடுத்துவார்கள். இந்த அடுக்குமாடியில் முதல் பட்டதாரி நான்தான். படித்தது வணிக நிர்வாகம், வேலை ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில். ஆனால் பட்டம் வாங்கியவளுக்குப் பாம்புக்கடியிலிருந்து பங்குச்சந்தைவரை எல்லாம் தெரியும் என்பது பொது நம்பிக்கை. அம்மா என் பட்டத்தை முதல் வேலையாக லாமினேட் செய்தாள். அதற்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் உறை போட்டாள். கைபடாமல் இருக்குமாம்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன்.

அழகேசன் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். நான் எதிர்பார்த்ததுபோல் கத்தவில்லை. சிரித்தார்.

“காட்டலாம்லா. ஏன் காட்டக் கூடாது? நாங்க என்னா ஒளிச்சா வச்சிருக்கோம்? ஆனா தங்கச்சி, சட்டம்னு ஒண்ணு இருக்கு. லிங்கா, சொல்லுப்பா.”

லிங்கேஸ்வரன் படித்தான். ஃபில்டரைச் சந்தேகிக்கும் குடியிருப்பாளர் அதைப் பார்வையிட உரிமை உண்டு. அழுக்காக இருந்தால் குழு பதவி விலகும். சுத்தமாக இருந்தால், சந்தேகித்தவர் அதுவரை அனுபவித்த சுத்தமான காற்றுக்கு நன்றியில்லாதவர் ஆகிறார். அவர் வீட்டுக் காற்றுவாய் அன்று மாலையே மூடப்படும். மன்னிப்புக் கேட்டால் திறக்கப்படும். மறுபடியும் சந்தேகித்தாலோ, ஃபில்டரைச் சேதப்படுத்தினாலோ வீடு குழுவுக்குச் சேரும்.

“ஜன்னலே இல்லாத வீட்டுல காத்தை மூடுவீங்களா?”

“ஜன்னல் இருக்கேம்மா,” என்றார் அழகேசன். “திறக்காது, அவ்வளவுதான்.”

அம்மாவின் உதடு என் கண்முன் வந்தது. கறுத்துப்போன காற்றுவாயும் வந்தது. அவ்வளவு அழுக்கு வரும் இடத்தில் ஃபில்டர் மட்டும் சுத்தமாக இருக்க வாய்ப்பே இல்லை. “சரி” என்றேன்.

ஃபில்டரைப் பார்ப்பதற்கு முறை இருக்கிறது. செருப்பைக் கழற்ற வேண்டும். தலையில் வலைத்தொப்பி. கையில் உறை. உள்ளே இருக்கும்வரை மூச்சை வெளியே விடக் கூடாது, ஃபில்டர் அழுக்காகிவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, வெளியே வந்து விட்டுக்கொள்ளலாம். அழகேசன் தங்கச் சங்கிலியைக் கழற்றி, சாவியைப் பித்தளைத் தட்டில் பூவோடு வைத்துத் தந்தார். லிங்கேஸ்வரன் கதவைத் திறந்தான்.

முதலில் தெரிந்தது இருட்டு. அப்புறம் நாற்றம். அதன்பிறகு சத்தம்: இயந்திரம் ஓடவில்லை, திணறியது. கழுத்தை யாரோ நெரிக்கும்போது வருவதுபோன்ற ஒரு ஊளை. சுவர் கறுப்பு. தரை கறுப்பு. குழாயின் மேல் கரி தடித்துத் தொங்கியது. குப்பைக்குழிப் பக்கம் இருந்த வெடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையின் நுனி உள்ளே இழுபட்டுப் படபடத்துக்கொண்டிருந்தது. இதைத்தான் அம்மா இரவும் பகலும் நெஞ்சுக்குள் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

அத்தனை கறுப்புக்கும் நடுவில் ஃபில்டர் வெள்ளையாக நின்றது. பால் வெள்ளை. ஒரு புள்ளி இல்லை.

“பார்த்தீங்களா?” என்றது வாசலுக்கு வெளியே நின்ற அழகேசனின் குரல்.

பார்த்தேன். தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. இன்று மாலை எங்கள் வீட்டுக் காற்றுவாயை மூடுவார்கள். அடக்கிய மூச்சு நெஞ்சில் முட்டியது. கிட்டே போனேன். ஃபில்டரில் என் முகம் தெரிந்தது. தொப்பி போட்ட, பயந்துபோன முகம். துணியில் எப்படி முகம் தெரியும்?

விரலை வைத்தேன். வழுக்கியது.

பிளாஸ்டிக். கடையிலிருந்து வந்த உறையைப் பிரிக்கவே இல்லை. உறையின் மேலேயே சிவப்பில் ஒரு படம்: கத்தரிக்கோல், பக்கத்தில் பிரிக்கப்படும் உறை. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். காற்றுப் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் இயந்திரத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என்னை மீறி மூச்சை விட்டுவிட்டேன். வெளியே யாரோ, “ஐயோ, விட்டுட்டா!” என்றார்கள்.

“பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே இல்லையா நீங்க?”

“பிரிக்கறதா?” அழகேசன் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். “பிரிச்சா அழுக்காயிடாதா?”

“அழுக்காகிறதுதான் அதோட வேலை! தூசியைப் பிடிக்கத்தானே ஃபில்டர்?”

“தூசி பிடிக்கிற பொருளை நாங்க ஏம்மா இவ்வளவு விலை கொடுத்து வாங்கணும்? தூசி பிடிக்க நம்ம வீட்டு ஃபேன் போதாதா?”

“சாதா ஃபில்டர் போட்டு மூணு மாசத்துக்கு ஒருவாட்டி மாத்தியிருந்தா போதும். புகைமூட்டம் வந்தா இன்னும் சீக்கிரம் மாத்தணும். இந்த மெஷினுக்கு இது அதிகம், இழுக்காது.”

“மாத்தறதுன்னா என்னா அர்த்தம்? கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். எங்க காலத்துல எதுவும் கெட்டுப் போகல, அதான் எங்க சாதனை.”

“அம்பு வேற திரும்பி இருக்கு.”

“அது கிழக்கு,” என்றான் லிங்கேஸ்வரன். “வாஸ்து பார்த்துத்தான் வச்சது.”

“அப்போ காத்து எங்கேயிருந்து வருது?”

லிங்கேஸ்வரன் யோசித்தான். “காத்துக்குத் தெரிஞ்ச வழியில வரும். காத்துக்கு நாமளா அக்கா வழி சொல்லித்தர முடியும்?”

அழகேசன் சட்டத்தைச் சுட்டிக்காட்டினார். ஃபில்டர் சுத்தம். எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் நான் பட்டதாரி என்பதால் எனக்கு ஒரு வழி வைத்திருந்தார். மதியமே பொதுக்கூட்டம் கூட்டுவார்கள். பிளாஸ்டிக் இருக்க வேண்டுமா கூடாதா என்று குடியிருப்பாளர்களே முடிவு செய்யட்டும். நான் மன்னிப்புக் கேட்டு, ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்று பட்டத்தைப் பேருக்குப் பின்னால் போட்டுக் கையெழுத்து வைத்தால், காற்றுவாய் திறந்தே இருக்கும். மாதாமாதம் வைக்க வேண்டும். பெரிய கேடயம் ஒன்றுக்கு முயற்சி நடக்கிறதாம், படித்த கை தேவையாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த இடத்தில் பிளாஸ்டிக் சரசரத்தது; வாங்கிய நாளிலிருந்து எங்கள் சோபாவின் உறையையும் பிரிக்கவில்லை. டிவி ரிமோட்டும் பையில்தான் இருக்கிறது.

“பிளாஸ்டிக்கை எடுத்தா அழுக்காயிடுமேடி,” என்றாள், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி.

“அம்மா, நீ மூச்சு விட முடியாம இருக்கிறதே அதனாலதான்.”

“எனக்கு அது... மருந்தடிச்ச நெஞ்சு. அவங்க என்னா பண்ணுவாங்க?” என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல் சில்லென்று இருந்தது. “மன்னிப்புக் கேட்டுரு புள்ள. வூட்டப் புடுங்கிக்கிட்டா எங்க போறது? லயத்தையும் இடிச்சிட்டானுங்க. என் பேருல ஒரு கதவு இருக்குன்னா இதுதான்டி.”

அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது. வெகு நேரம் இறங்கவில்லை. அப்புறம் இறங்கியது.

பொதுக்கூட்டம் கீழ்மண்டபத்தில். மண்டபத்து நாற்காலிகளும் உறையோடுதான் இருக்கின்றன; எல்லோரும் உட்கார்ந்தபோது மழை பெய்வதுபோல் சத்தம் வந்தது. மேடையில் பித்தளைத் தட்டு, பூ, மூன்றாம் மாடியின் சாவி, எல்லாம் சாட்சிப் பொருளாக வைக்கப்பட்டிருந்தன. அம்மாவை வர வேண்டாம் என்றேன். வந்தாள். இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

அழகேசன் மைக்கைப் பிடித்தார்.

“உறவுகளே! நாம யாரு? மண்ணுல பொறந்தோம், மண்ணுல வேலை செஞ்சோம், அழுக்கைத் தவிர நமக்கு யாரும் எதையும் சொந்தமா கொடுக்கல. வாழ்க்கையில முதல்முறையா நம்மகிட்ட அழுக்குப்படாத ஒண்ணு இருக்கு. அதையும் அழுக்காக்கணும்னு சொல்றாங்க. யாரு? நாம படிக்கவச்ச புள்ள! நான் கேக்கறேன், அந்த ஃபில்டர் நமக்காகவா இருக்கு? இல்ல! நாமதான் அந்த ஃபில்டருக்காக இருக்கோம்!”

கைதட்டல் எழுந்தது. கைதட்டியவர்களில் பாதிப்பேர் இருமினார்கள். இருமிவிட்டுப் பயந்துபோய் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

நான் எழுந்து உறையின் மேல் இருந்த கத்தரிக்கோல் படம், அம்பு, குப்பைக்குழி எல்லாவற்றையும் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் நல்ல மனதோடு, “அப்போ ஊசியால ரெண்டு ஓட்டை மட்டும் போடலாமே?” என்றார். ஓட்டை வழியாகத் தூசி போய்விடாதா என்று இன்னொருவர் கேட்டார். ஓட்டைகளின் மேல் வேறொரு பிளாஸ்டிக் ஒட்டினால் போகாது என்று லிங்கேஸ்வரன் விளக்கினான். அதை ஆராய ஒரு துணைக்குழு அமைப்பதாக முடிவானது.

“இப்போ ஓட்டு,” என்றார் அழகேசன். “ஃபில்டர் உறையைப் பிரிக்கவே கூடாது, பிரிக்கச் சொன்னவங்க வீட்டுக் காத்தை மூடணும்கிறவங்க கையைத் தூக்குங்க. எண்ணி முடிக்கிறவரைக்கும் யாரும் கையை இறக்கக் கூடாது. இறக்கினா ஓட்டு செல்லாது, காத்தும் செல்லாது.”

கைகள் எழுந்தன. ஒவ்வொன்றாக இல்லை, மொத்தமாக. எல்லோரும் பக்கத்து வீட்டின் கை எழுந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே தூக்கினார்கள். கைருன்னிசா அக்கா தேநீர்த் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். “கையில தட்டு இருக்கே, எப்படித் தூக்கறது?” என்று பொதுவாகச் சொன்னார். தட்டில் ஒரு கோப்பைகூட இல்லை.

முன்வரிசையில் அம்மாவின் வலது கை எழுந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. இடது கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு, வலது கையை மேலே வைத்திருக்கப் போராடினாள். தன் வீட்டுக் காற்றை மூடச் சொல்லித் தூக்கிய கை. தீர்மானத்தோடு சேர்ந்துகொண்டால் வீடாவது மிஞ்சும், மகளையும் மன்னித்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அது எனக்குப் புரிந்தது. அதனால் கோபம் குறையவில்லை. கை ஆடியது, கீழே தாழ்ந்தது, பக்கத்தில் இருந்தவர் “தூக்குங்க, தூக்குங்க, எண்ணிக்கிட்டு இருக்காங்க” என்று முழங்கையைப் பிடித்து நிமிர்த்தினார். அவள் உதடு மறுபடியும் அந்த நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த ஓட்டில் நான் ஜெயித்தாலும் தோற்றாலும் அவளுக்குக் காற்று வரப்போவதில்லை. துணைக்குழு வரும், அறிக்கை வரும், கேடயம் வரும். அம்மா இருக்க மாட்டாள். வீட்டை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும். அவள் பேரில் ஒரு கதவை வேறு எங்காவது நான் வாங்குவேன்.

மேடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வருகிறேன் என்று நினைத்து அழகேசன் மைக்கை என் பக்கம் நீட்டினார். நான் தட்டிலிருந்து சாவியை எடுத்தேன்.

“ஏய்! வை அதை!” என்றார். அவர் கையும் மேலே இருந்தது. இறக்கினால் அவர் ஓட்டே செல்லாது. “பிடிங்க அவளை!” என்று கத்தினார். மண்டபம் முழுக்கக் கைகள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவரை ஒருவர் பார்த்தார்களே தவிர, ஒருவரும் கையை இறக்கவில்லை.

“அக்கா, அம்மாவைக் கார்கிட்ட கூட்டிப் போங்க. நான் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டறேன்,” என்றேன். கைருன்னிசா அக்கா தட்டைத் தரையில் வைத்தார்.

சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டேன். அந்த ஃபில்டர் அந்த இயந்திரத்துக்குப் பொருந்தாது, பிளாஸ்டிக்கைக் கிழித்தாலும் பாதிக் காற்றுதான் வரும், தெரியும். பாதியாவது வரட்டும். கத்தரிக்கோல் வேண்டியதில்லை, நகம் போதும். நான் மண்டபக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்து, மாடிப்படியில் கால் வைத்தேன். பின்னால் லிங்கேஸ்வரன் கணக்கைத் தவறவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான்.